ஊர் திரும்பிய பின்: படங்களையும் குறிப்புகளையும் பகிர்தல்

1856இல் சென்னை ராணுவத்தில் இருந்த அலெக்சாண்டர் கிரீன்லா என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஹம்பியைப் படம் பிடித்தார். மெழுகு பூசிய தாளில் நெகடிவ் எடுத்த காலம் அது. ஒரு படத்துக்கு வெயிலில் பல நிமிடம் காத்து நிற்க வேண்டும். அவர் எடுத்தவற்றில் விட்டலர் கோயிலின் கல்தேரும் ஒன்று. 2017இல் வந்த 50 ரூபாய் நோட்டின் பின்புறம் நாம் பார்க்கும் அதே தேர்தான். ஆனால் கிரீன்லாவின் படத்தில் தேருக்கு மேலே செங்கல் விமானம் ஒன்று இருக்கிறது. இன்று ஹம்பியில் நிற்கும் தேரில் அது இல்லை. 1980களில் ஆஸ்திரேலியப் படக்கலைஞர் ஜான் காலிங்ஸ் அந்தப் பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, கிரீன்லா நின்ற இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் மறுபடி எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்தால் இடைப்பட்ட காலத்தில் எது விழுந்தது, எதைச் செப்பனிட்டார்கள், எங்கே மரம் வளர்ந்தது என்பதெல்லாம் தெரிகிறது.

எந்த ஊர், எந்த ஆண்டு என்பது தெரிந்து, எங்கே நின்று எடுத்தது என்பதையும் கண்டுபிடிக்க முடிந்ததால்தான் அந்த வேலை நடந்தது. நாம் பயணம் போய் எடுத்துவரும் படங்களுக்கும் இந்த மதிப்பு உண்டு என்பதே இந்த அத்தியாயத்தின் அடிப்படை. ஊர், நாள், நின்ற இடம், படத்துக்குள் வராத ஒரு செய்தி ஆகிய நான்கும் சேர்ந்து போனால்தான் பார்ப்பவருக்கு நாம் எதையாவது கொடுத்தோம் என்று அர்த்தம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே மூச்சில் இருநூறு படங்களைக் கொட்டினால் பெரியம்மா கட்டைவிரல் உயர்த்துவார், சித்தப்பா கைகூப்புவார். யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் குறையில்லை. பார்ப்பதற்கு ஏற்றபடி நாம் கொடுக்கவில்லை.

உதாரணங்களுக்கு இங்கே பெரும்பாலும் ஹம்பியையே எடுத்துக்கொள்கிறேன். படம் எடுப்பவர்களுக்கு அந்த ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. விருபாக்ஷர் கோயிலில் கருவறைக்குப் பின்னே ஒரு சிறிய இருட்டு மண்டபம் இருக்கிறது. அதன் சுவரிலுள்ள சிறு துளை வழியே வெளிச்சம் நுழைந்து, கிழக்கு ராஜகோபுரத்தின் உருவம் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுகிறது. கேமராவின் ஆதி தத்துவமே அதுதான். ஹம்பிக்குப் போகிறவர்கள் அந்தச் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அன்றிரவே எழுதுங்கள்

பகிர்வது ஊர் திரும்பிய பிறகுதான். ஆனால் பகிர வேண்டிய எழுத்தை அங்கேயே, அன்றன்றே எழுதிவிட வேண்டும். லாட்ஜ் அறையில் படுக்குமுன் அரை மணி நேரம் போதும். எழுத முடியாத அளவுக்கு அலுப்பென்றால் கைபேசியில் பேசிப் பதிந்துகொள்ளுங்கள். ஹொசப்பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில்கூட இதைச் செய்யலாம். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் மிஞ்சுவது "அற்புதம்", "பிரமாண்டம்" போன்ற சொற்கள் மட்டுமே. அவை எந்த ஊருக்கும் பொருந்தும் என்பதால் எந்த ஊரையும் காட்டுவதில்லை.

கேமராவுக்குள் வராததை எழுதுங்கள். மாலையில் மாதங்க மலைப் பாறையில் கை வைத்தால் இருக்கும் சூடு, துங்கபத்திரையைக் கடந்து ஆனேகுந்திக் கரையில் இறங்க என்ன கொடுத்தீர்கள், பரிசல் ஓட்டியவர் ஆற்றைப் பற்றி என்ன சொன்னார், எந்தக் கோயிலில் இன்னும் பூசை நடக்கிறது, எதில் வௌவால் நாற்றம், சாப்பிட்ட ஜோள ரொட்டிக்கு என்ன தொட்டுக்கொண்டீர்கள், எல்லாம் எழுதத் தகுந்தவை. விலைகளை அவசியம் எழுதுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்தக் குறிப்பில் எல்லோரும் ஆவலோடு படிக்கப்போவது அவற்றைத்தான்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். கண்டது, கேட்டது, படித்தது மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். விட்டலர் கோயிலின் இசைத்தூண்களில் எப்படி ஒலி வருகிறதென்று பார்க்க ஆங்கிலேயர்கள் தூண்களை அறுத்துப் பார்த்தார்கள் என்ற கதையை அங்கே வழிகாட்டிகள் சொல்வார்கள். சுவையான கதைதான், எழுதலாம். ஆனால் "வழிகாட்டி சொன்னார்" என்று சேர்த்து எழுத வேண்டும். அந்த இரண்டு சொல்லை விட்டுவிட்டால் கேட்ட கதை உங்கள் கையால் வரலாறாகி, உங்களை நம்பிப் படிப்பவர்கள் வழியே இன்னும் பத்துப் பேருக்குப் போய்ச் சேரும்.

ஏ. கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். உலகம் சுற்றி, காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டவர் அவர். கேமராவையும் பேனாவையும் ஒருசேரக் கையாண்டவர். தன்னை முன்னால் நிறுத்தாமல், சின்னச் சின்ன வாக்கியங்களில், பார்த்த மனிதர்களையும் அவர்கள் சொன்னதையும் எழுதினார். பயணத்தைச் சொல்லத் தமிழில் இதைவிட நல்ல நடையை நான் கண்டதில்லை.

கழிப்பது

ஊர் திரும்பிய அன்றே படங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்று வீட்டு ஹார்டு டிஸ்கில், இன்னொன்று வேறிடத்தில். பிறகு ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். மலையேறி மூச்சு வாங்கி எடுத்த படம் நமக்கு உயர்ந்ததாகவே தெரியும். அந்த மூச்சு வாங்கல் பார்ப்பவருக்குத் தெரியாது. சில நாள் போனால் நமக்கும் அது மறந்து, படம் படமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

முதல் சுற்றில் ஆட்டம் கண்டவை, கண் மூடியவை, ஒரே காட்சியின் நகல்கள் போகட்டும். இரண்டாவது சுற்றுதான் மனதுக்குக் கஷ்டம். அதில் "இந்தப் படம் இல்லாவிட்டால் எது சொல்லப்படாமல் போகும்?" என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். அழகான அஸ்தமனம் ஐந்து இருந்தால் ஒன்று போதும். கொஞ்சம் மங்கலான படமாக இருந்தாலும் வேறு எதிலும் வராத ஒன்றை அது காட்டினால் இருக்கட்டும். மூன்று நாள் பயணத்துக்கு இருபது படம் தாராளம். மற்றவற்றை அழிக்க வேண்டாம், பகிர வேண்டாம், அவ்வளவுதான்.

வரிசை வைக்கும்போது எடுத்த நேரப்படியே போக வேண்டுமென்பதில்லை. தூரத்துக் காட்சி ஒன்று, உள்ளே நுழைதல், அருகில் போய்ப் பார்த்த ஒரு சிற்பம், ஒரு மனித முகம், மறுபடி வெளியே என்று நடந்து போகிற உணர்வோடு அடுக்கினால் பார்ப்பவர் கூடவே வருவார்.

திருத்தும் அளவு

சாய்ந்த கோபுரத்தை நேராக்கலாம். இருண்ட மண்டபத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கலாம். அங்கே கண் பார்த்த அளவுக்குப் படத்தைக் கொண்டுவருவது திருத்தம், அதைத் தாண்டினால் கற்பனை. ஹம்பியின் கருங்கல் பாறைகள் சாயங்காலத்தில் இளஞ்சிவப்பும் தேன்நிறமும் ஏறித் தெரியும். அதைக் குங்குமச் சிவப்பாக்கி அனுப்பினால், நாளை அங்கே போகிறவர் உண்மையான பாறையைப் பார்த்து ஏமாந்து போவார். உண்மையான அழகுக்கே அது கெடுதல்.

இப்போது கைபேசியிலேயே மின்கம்பியை அழிக்கலாம், பின்னால் நிற்கும் ஆளை அழிக்கலாம், வானத்தை மாற்றலாம். பயணப் படத்தில் இதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். கல்தேரின் மேலிருந்த செங்கல் கட்டு பார்க்க லட்சணமாக இல்லையென்று கிரீன்லா சுரண்டி எடுத்திருந்தால், அப்படியொன்று இருந்ததற்கான சாட்சி நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? இன்று அசிங்கமாகப் படும் மின்கம்பியும், பிளாஸ்டிக் குடமும், ஓரத்தில் நிற்கும் ஆட்டோவும் நாளைக்கு ஒரு காலத்தின் தகவல். வேறு வழியில்லாமல் எதையாவது அழித்தால் குறிப்பில் அதைச் சொல்லிவிடுங்கள்.

படத்தின் கீழே எழுதுவது

இது இந்த அத்தியாயத்தின் முக்கியமான பகுதி. பெரும்பாலோர் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

"ஹம்பி! சொல்ல வார்த்தைகளே இல்லை" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அதே படத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: "ஹம்பி, விருபாக்ஷர் கோயிலுக்குக் கிழக்கே நீளும் தேர்வீதி. ஜனவரி மாதம், காலை ஏழரை மணி. ஹேமகூட மலைச் சரிவில் நின்று வடகிழக்கே பார்த்து எடுத்தது. வீதியோரத் தூண் மண்டபங்களில் 2011 ஜூலை வரை குடும்பங்கள் வாழ்ந்தன, கடைகள் நடந்தன. நினைவுச்சின்னப் பாதுகாப்பு என்று சொல்லி அவற்றை அகற்றினார்கள். இன்று மண்டபங்கள் காலி." வெறும் தூண் வரிசையாக இருந்த படம் இப்போது ஒரு ஊரின் கதையாகிவிட்டது. அங்கே வாழ்ந்தவர்களை வெளியேற்றியது சரியா என்று உங்களுக்கு ஒரு கருத்து இருந்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் தகவலை முதலில் வையுங்கள், கருத்து அதன்பின் வரட்டும். படிப்பவர் தாமாக யோசிக்க இடம் வேண்டும்.

படத்தில் இல்லாததைச் சொல்வது இன்னொரு வழி. ஹம்பி கிருஷ்ணர் கோயில், உதயகிரியை வென்றதன் நினைவாகக் கிருஷ்ணதேவராயர் கட்டியது. அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணர் சிலையைத்தான் அதில் எழுந்தருளச் செய்தார். இன்று அந்தக் கோயிலுக்குள் போனால் சிலை இல்லை. அது சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெறுமையான அந்தக் கருவறையைப் படமெடுத்து, கீழே இந்த இரண்டு வரியை எழுதி, முடிந்தால் எழும்பூரில் எடுத்த சிலையின் படத்தையும் பக்கத்தில் வைத்தால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிரிந்து கிடக்கும் இரண்டையும் நீங்கள் சேர்த்துவிட்டீர்கள். பயணக் குறிப்பு எழுதுவதில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான்.

இந்தக் குறிப்புகளின் அருமை சிலசமயம் அரை நூற்றாண்டு கழித்துத்தான் தெரியும். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மறு ஆண்டிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுக்கத் தொடங்கியது. கோயில் கோயிலாக, சிலை சிலையாக, ஊர்ப்பெயரோடும் நாளோடும் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசர், 2008இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிய சிலை என்று தெரியவந்தபோது, அது எந்தக் கோயிலுக்குரியது என்பதற்குச் சாட்சியாக நின்றவற்றில் அந்தப் புதுச்சேரிப் படங்களும் உண்டு. விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் சிலைக்கும் அப்படியே. இரண்டும் 2014இல் நாடு திரும்பின. படங்களின் பின்னால் ஊரும் நாளும் எழுதி வைத்த அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு நன்றிதான் வருகிறது.

கோப்பின் பெயரிலேயே தேதியும் ஊரும் வரும்படி வையுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினியில் தானாகவே காலவரிசைப்படி அடுக்கிக்கொள்ளும். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் வெளிநாடு இறங்கியதும் அதன் கடிகாரத்தை மாற்ற மறக்க வேண்டாம். கைபேசி தானாக மாற்றிக்கொள்ளும், கேமரா பெரும்பாலும் மாற்றாது. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். மாற்றாவிட்டால் காலைச் சந்தைப் படம் விடியற்காலை என்று பதிவாகிவிடும்.

படத்தில் இருக்கும் மனிதர்கள்

கேட்டுவிட்டு எடுங்கள். ஹம்பிப் பக்கம் வயதான ஒரு அம்மாளிடம் "ஒந்து போட்டோ தெகெயபஹுதா, அஜ்ஜி?" என்று கன்னடத்தில் கேட்டால் முகத்தில் வரும் சிரிப்பே தனி. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மொழியில் இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டு போங்கள். வேண்டாமென்று தலையாட்டினால் கேமராவை இறக்கிவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகருங்கள். அந்தப் பேச்சே குறிப்பேட்டுக்குப் போதும்.

எடுப்பதற்குச் சம்மதித்தவர் ஊருக்கெல்லாம் காட்டுவதற்கும் சம்மதித்தார் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. "சொந்தக்காரங்களுக்குக் காட்டலாமா, எல்லாரும் பார்க்கிற மாதிரிப் போடலாமா?" என்று தனியே கேட்க வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். ஆற்றில் குளிப்பவர்கள், நோயாளிகள், சாவு வீடு, பிச்சை கேட்டு நிற்பவர்கள் இவர்களை நான் பகிர்வதே இல்லை. வறுமையைக் காட்டினால்தானே உலகம் திருந்தும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அதற்கென்றே அந்த ஊரில் தங்கி, அந்த மனிதரோடு பழகி எழுதுபவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. இரண்டு நாள் வந்துபோகும் நமக்கு அந்த உரிமை இல்லையென்றே நினைக்கிறேன்.

சில இடங்களில் சட்டமே குறுக்கே நிற்கிறது. அந்தமானில் ஜாரவா மக்களைப் படமெடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். யாராவது எடுத்து அனுப்பினாலும் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 தீ விபத்துக்குப் பிறகு கைபேசியே கொண்டுபோக முடியாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள பெரும்பாலான சின்னங்களில் படமெடுக்கத் தடையில்லை, முக்காலி ஊன்ற மட்டும் முன் அனுமதி வேண்டும். வாசல் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

எடுத்த படத்தை எடுக்கப்பட்டவருக்கு அனுப்பி வையுங்கள். கைபேசி இல்லாதவர் என்றால் நான்குக்கு ஆறு அங்குலப் பிரதி ஒன்றைத் தபாலில் போடுங்கள். முகவரியை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், "அந்த டீக்கடை பக்கத்துல" என்றால் அப்படியே எழுதினாலும் தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

இடத்தைச் சொல்லக் கூடாத இடங்கள்

ஊரையும் நின்ற இடத்தையும் எழுதச் சொன்ன நானே இப்போது சிலவற்றை மறைக்கச் சொல்கிறேன். பூட்டில்லாத கோயிலில் கவனிப்பாரற்று இருக்கும் செப்புத்திருமேனி, வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல், பறவை அடைகாக்கும் கூடு இவற்றின் சரியான இடம் எல்லோருக்கும் தெரிந்தால் ஆபத்து. முழு விவரத்தை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். நடுகல், கல்வெட்டு, சிலை என்றால் தொல்லியல் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ எழுதித் தெரிவியுங்கள். பொதுவில் போடும்போது வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது போய்விடும், படத்தின் தரமும் குறையும். டாக்குமென்டாக அனுப்பினால் தரம் அப்படியே இருக்கும், இடமும் கூடவே போகும். யாருக்கு எப்படி அனுப்புவது என்பதை இதைக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

யாருக்கு, எப்படி

வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் காகிதப் பிரதிதான் சரி. கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒன்றும் நிற்பதில்லை. கூடத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பிரதியாகக் கையில் கொடுத்து, "இது எங்கேன்னு சொல்லுங்க பாட்டி" என்று ஆரம்பியுங்கள். அவர்கள் இளவயதில் போன பயணம் அப்போது வெளியே வரும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் பிரதிக்கு 1200க்கு 1800 பிக்சல் வேண்டும், எட்டுக்குப் பன்னிரண்டென்றால் 2400க்கு 3600. வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படத்தை ஸ்டூடியோவுக்குக் கொடுக்காமல் மூலக் கோப்பையே கொடுங்கள்.

நண்பர் கூட்டத்துக்கு ஒரு சுவரும் புரொஜெக்டரும் இருந்தால் போதும். இருபது படம், அரை மணி நேரம். படத்தைப் போட்டுவிட்டு முதலில் சற்று மௌனமாக இருங்கள். அவர்கள் பார்த்து முடித்த பிறகு பேசுங்கள்.

முன்பின் தெரியாதவர்களுக்கும் பயன்பட வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தில் கொடுத்தால், தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளிலும் பள்ளிப் பிள்ளைகளின் செயல்திட்டங்களிலும் அது போய்ச் சேரும். தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்துக்கு அங்கே ஏற்கெனவே ஏராளமான படங்கள் உண்டு. உங்கள் ஊர்ப்பக்கத்து ஏரி மதகு, சுமைதாங்கிக் கல், சத்திரம் இவற்றுக்கு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். முதலில் அவற்றை ஏற்றுங்கள்.

பகிர்ந்த பிறகும் வேலை இருக்கிறது. அந்த ஊரைச் சேர்ந்த யாராவது "இது அந்த மண்டபம் இல்லைங்க, இதுக்கு வடக்கால இருக்கிறது" என்று எழுதுவார். உடனே நன்றி சொல்லி, சரிபார்த்து, குறிப்பைத் திருத்துங்கள். திருத்திய நாளையும், முன்பு என்ன எழுதியிருந்தது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வையுங்கள். பழைய குறிப்போடு படத்தை ஏற்கெனவே வாங்கிக்கொண்டவர்களுக்கும் திருத்தியதை அனுப்பிவிடுங்கள்.